மசினகுடி ஜீப் சவாரி: வனத்துறை வண்டியா, தனியார் வண்டியா? ஃபோர் வீல் டிரைவ் அவசியமா?

வைகைக்கரை (மதுரை)

வணக்கம். பொங்கலுக்கு முந்தின வாரம் குடும்பத்தோடு மசினகுடி போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், ஒன்பது வயதிலும் பதின்மூன்று வயதிலும் இரண்டு பையன்கள், அப்பா, அம்மா. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கோயில் யானையைத் தவிர வேறு யானையை அவர் பார்த்ததில்லை. காட்டில் யானை நிற்பதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

தங்குவதற்கு விசாரித்த இடத்தில் ஒரு பட்டியல் அனுப்பினார்கள். 'ஃபோர் பை ஃபோர் ஜங்கிள் சஃபாரி, வழிகாட்டியோடு காட்டுக்குள் இரண்டு மணி நேரம்' என்று ஒன்று. 'இரவுச் சவாரி' என்று இன்னொன்று, அதற்குக் கட்டணம் கூடுதல். ஆனால் தெப்பக்காட்டில் வனத்துறையே வண்டி விடுகிறது, அதில் போங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். எதில் போவது? ஃபோர் வீல் வண்டி இல்லாமல் காட்டுக்குள் போக முடியாதா? அப்பாவுக்கு முதுகுவலி உண்டு, அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.


மாயாற்றங்கரை (மசினகுடி)

அக்கா, நான் இந்த ஊர்க்காரன். ஜீப் ஓட்டித்தான் குடும்பம் நடத்தினேன். இப்போது தம்பி ஓட்டுகிறான்.

மசினகுடி சஃபாரி என்று ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு காரியங்கள் நடக்கின்றன. தெப்பக்காடு வரவேற்பு மையத்தில் வனத்துறை நடத்துவது ஒன்று. காலையும் மாலையும் வண்டி போகும். வேனும் உண்டு, ஜிப்சி என்கிற சின்ன ஜீப் வண்டியும் உண்டு. முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள் சுற்றுலாவுக்கென்று ஒதுக்கிய பாதைகளில் அழைத்துப் போவார்கள். காப்பகத்துக்குள் போக உங்களுக்கு இருக்கும் ஒரே சட்டபூர்வமான வழி அதுதான்.

மசினகுடியில் நிற்கிற எங்கள் ஜீப்புகள் இன்னொன்று. மோயாறு ரோடு, சிங்காரா ரோடு, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம், இந்தப் பக்கமெல்லாம் அழைத்துப் போவோம். ஊர் மக்கள் போய் வருகிற பொது ரோடு அது. ரோட்டின் இரண்டு பக்கமும் காடு என்பதால் மானும் மயிலும் எப்போதும் இருக்கும், யானையும் காட்டெருமையும் அடிக்கடி நிற்கும். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் 'காட்டுக்குள்' என்று சொல்லிக் காசு வாங்கினால் ஒன்று அது பொய்யாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவதாக இருக்க வேண்டும். வழக்குப் போட்டால் வண்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் பெயரும் சேரும்.

இரவுச் சவாரி வேண்டவே வேண்டாம். அதற்கு யாருக்கும் அனுமதி கிடையாது.


பட்டறை மணம் (கோயம்புத்தூர்)

வண்டி பற்றிக் கேட்டதற்கு நான் சொல்கிறேன். பழைய ஜீப், ஜிப்சி வேலைதான் என் தொழில்.

தார் ரோட்டில் போவதற்கு ஃபோர் வீல் தேவையே இல்லை. போடவும் கூடாது. இந்த வண்டிகளில் இருப்பது பார்ட் டைம் ஃபோர் வீல். நெம்புகோலைத் தள்ளினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்கிற பல்சக்கரப் பெட்டி முன் அச்சையும் பின் அச்சையும் ஒன்றாகப் பூட்டிவிடும். வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் உருள வேண்டும். நடுவில் இரண்டு அச்சையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுகிற டிஃபரென்ஷியல் இல்லாததால் அந்த வித்தியாசத்துக்கு இடம் கிடையாது. மண்ணிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்காது, அச்சு முறுக்கேறும், ஸ்டியரிங் கெட்டிப்படும், கியர் பல்லும் ஜாயிண்டும் அடி வாங்கும். அதனால் 'ஃபோர் பை ஃபோர் சஃபாரி' என்று தார் ரோட்டில் ஓடுகிற வண்டி ஓடுவதெல்லாம் பின் சக்கர இழுப்பில்தான்.

மழைக்குப் பிறகு களிமண் பாதையிலும் ஓடை இறக்கத்திலும்தான் ஃபோர் வீலுக்கு வேலை. அப்போதும் இழுவையைவிட லோ கியர்தான் முக்கியம். லோவில் முதல் கியர் போட்டு இறக்கினால் பிரேக்கைத் தொடாமல் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் அழுத்திச் சக்கரம் பூட்டிக்கொண்டால்தான் வண்டி பக்கவாட்டில் சறுக்கும்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. மஞ்சள் நம்பர் பலகை இருக்கிறதா? வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். டயரில் பட்டை இருக்கிறதா? பின்னால் எதிரெதிர் பெஞ்ச் சீட்டா, முன்னோக்கிய சீட்டா? உங்கள் அப்பாவுக்கு முன்னோக்கிய சீட் வேண்டும், அதிலும் பின் அச்சுக்கு மேலே இல்லாமல் நடுவரிசை வேண்டும். பட்டை வில் (லீஃப் ஸ்பிரிங்) வைத்த வண்டியில் பின் அச்சின் மேல் உட்கார்ந்தால் ஒவ்வொரு குழியும் நேராக முதுகுத்தண்டில் ஏறும். பையன்களைக் கூரைமேலோ கம்பியைப் பிடித்து நின்றோ வர விடுகிற டிரைவர் என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. ஜிப்சி பெட்ரோல் வண்டி, சத்தம் குறைவு. பழைய டீசல் ஜீப் என்றால் நீங்கள் வருவது வளைவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற மானுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.


லென்ஸ் கண் (சென்னை)

படம் எடுக்கிறவன் பக்கத்திலிருந்து ஒரு மாற்றுக் கருத்து. பெரிய வேன் சவாரி எந்தக் காட்டிலும் ஒன்றுபோலத்தான். ஒருவர் யானையைப் பார்த்தால் இருபது பேர் எழுந்து கத்துவார்கள். ஜன்னல் ஓரம் கிடைக்காதவருக்கு முன்னால் இருப்பவரின் பின்தலைதான் தெரியும். குறித்த நேரத்தில் திரும்ப வேண்டும் என்பதால் நல்ல வெளிச்சத்தில் நிற்க மாட்டார்கள். தனியார் ஜீப்பில் டிரைவர் நமக்காகக் காத்திருப்பார், எந்தத் திருப்பத்தில் எந்த நேரத்தில் கொம்பன் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். காசு கொடுக்கிறோம், பார்க்கத்தானே வருகிறோம்.

இரவுச் சவாரிக்கும் நான் போயிருக்கிறேன். நிறைய பேர் போகிறார்கள். வண்டியை விட்டு இறங்காமல், விளக்கடித்துப் பார்த்துவிட்டு வருவதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு விளங்கவில்லை.


மாயாற்றங்கரை (மசினகுடி)

நஷ்டம் யாருக்கு என்று கேட்டதால் விரிவாகவே சொல்கிறேன் சார்.

நீங்கள் விளக்கடித்த யானை அங்கேயே நின்றுவிடுவதில்லை. கூச்சத்தில் ஒரு பக்கமாக ஒதுங்கும். குட்டி இருந்தால் மொத்தக் கூட்டமும் தடம் மாறும். மசினகுடியைச் சுற்றியுள்ள இந்தச் சீகூர் பகுதியில் தடம் மாறினால் எங்கே போகும்? ஒரு பக்கம் மலைச்சுவர், இன்னொரு பக்கம் மோயாற்றுப் பள்ளம். நடுவில் இருக்கிற கொஞ்ச இடத்தில் ஊரும் தோட்டமும் மின்வேலியும் ரிசார்ட்டும். முதுமலை, பந்திப்பூர், சத்தியமங்கலம் மூன்றுக்கும் இடையே யானைகள் போய் வருவது இந்த வழியாகத்தான். 2010இல் தமிழக அரசு இதை யானை வழித்தடம் என்று அறிவித்தது, 2011இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. கட்டடங்களை மூடச் சொன்ன வழக்கு அது. கட்டடம் வழியை அடைக்கிறது என்றால், ராத்திரி முழுக்க விளக்கு போட்டு ஓடுகிற வண்டியும் அதே வழியைத்தான் அடைக்கிறது.

2021 ஜனவரியில் எங்கள் ஊரில் குடியிருப்புப் பக்கம் வந்த ஒரு யானைமேல் எரிகிற துணியை வீசினார்கள். காது கருகி, காயத்தோடு அலைந்து, பிடித்து முகாமுக்குக் கொண்டு போகிற வழியில் அது செத்துப்போனது. நாடே பார்த்த காணொளி. அந்த யானை போன பிறகு பல நாள் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ராத்திரி விரட்டப்படுகிற யானை விடிகாலையில் அதே மிரட்சியோடுதான் நிற்கிறது. அந்த நேரத்தில் ரோட்டில் நடப்பது யார்? பால் கறக்கப் போகிறவர், எஸ்டேட் வேலைக்குப் போகிற அக்காமார், பள்ளிக்கூடப் பிள்ளைகள். நீங்கள் அப்போது ரூமில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.

மைசூர் நெடுஞ்சாலையையே ராத்திரி ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை மூடி வைத்திருக்கிறார்கள். பந்திப்பூரில் 2009இல் தொடங்கிய தடை அது. சரக்கு லாரிக்கே வழி இல்லை என்னும்போது வேடிக்கை பார்க்கப் போகிற ஜீப்புக்கு எப்படி வழி இருக்கும்?


நெறியாளர்

டிரைவர்களின் தொலைபேசி எண்ணையும் வண்டி எண்ணையும் இரண்டு பதிவுகளில் போட்டிருந்தார்கள், நீக்கிவிட்டேன். இங்கே வண்டி பிடித்துக் கொடுக்க வேண்டாம். விவாதம் தொடரட்டும்.


கொடிவழி (கூடலூர்)

என் அப்பா வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்தவர். வண்டி பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள். வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதரைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதுமலையில் யானைப் பாகன்களும் காவலர்களும் பெரும்பாலும் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர், பணியர் வீட்டுப் பிள்ளைகள். தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டுக்குள் வாழ்ந்தவர்கள். அவர்கள் கண்ணால் தேடுவதற்கு முன்னால் காதால் தேடுவார்கள். கடமான் ஒற்றைக் குரலில் அடித்துக் கத்தினால், மேலே மந்தி இருமுவதுபோல் கூப்பிட்டால், வண்டியை நிறுத்தச் சொல்வார்கள். மான் எந்தத் திசையில் காதை வைத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். புள்ளிமான் மட்டும் கத்தினால் அப்பா அவ்வளவாக நம்ப மாட்டார், அது எதற்கெடுத்தாலும் கத்தும் என்பார். கடமான் திரும்பத் திரும்பக் கத்தினால் புலியோ சிறுத்தையோ செந்நாயோ ஏதோ ஒன்று நகர்கிறது என்று அர்த்தம். யானை லத்தி ஈரமாக இருக்கிறதா, அதன்மேல் வண்டு ஏறிவிட்டதா, ஒடித்த மூங்கிலில் இன்னும் பசை இருக்கிறதா, இதையெல்லாம் ஓடுகிற வண்டியிலிருந்தே பார்த்துவிடுவார்கள்.

யானை எதிரில் வந்தால் அவர் சொல்வதைத்தான் டிரைவர் கேட்க வேண்டும். காதை விரித்து, தலையைத் தூக்கி, நாலு எட்டு ஓடிவந்து நின்றுவிடுகிற யானை பெரும்பாலும் மிரட்டிப் பார்க்கிறது. காதை ஒடுக்கி, துதிக்கையைச் சுருட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் வந்தால் அது வேறு. கன்னத்தில் மதநீர் வழிகிற கொம்பன் என்றால் பார்த்த உடனேயே பின்வாங்க வேண்டும். எஞ்சினை உறுமவிடக் கூடாது, ஹாரன் அடிக்கவே கூடாது, யானைக்கு ரோட்டைக் கடக்க இடம் விட்டு மெதுவாக ரிவர்ஸ் எடுக்க வேண்டும். இரண்டு ஜீப் முன்னும் பின்னும் நின்று நடுவில் ஒரு தாய் யானையை மறித்த படத்தையெல்லாம் இணையத்தில் பெருமையாகப் போடுகிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. புலிகள் காப்பகச் சுற்றுலாவுக்கு 2012இல் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் கொடுத்த விதிகளில் எந்த விலங்கிடமிருந்தும் குறைந்தது 20 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று இருக்கிறது. குட்டியோடு இருக்கிற யானைக்கு அதுவே போதாது என்பார் அப்பா.

ஆகவே அக்கா, ரிசார்ட்டில் 'வழிகாட்டி' என்று சொன்னால் அவர் யார், எந்த ஊர், வனத்துறைப் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். பல இடங்களில் டிரைவரையே வழிகாட்டி என்று எழுதிவிடுகிறார்கள்.


வெண்முதுகுப் பாறு (ஈரோடு)

பறவை பார்க்கிறவர்கள் சார்பில் கொஞ்சம் சேர்க்கிறேன். எல்லோரும் புலி, யானை என்றே வருகிறார்கள். அதனால் அவை கண்ணில் படாவிட்டால் காடு காலி என்று திரும்பிவிடுகிறார்கள்.

முதுமலையில் மேற்கிலிருந்து கிழக்கே வர வர மழை குறையும். கூடலூர் பக்கம் உயர்ந்த மரங்களும் மூங்கிலும் தேக்கும். தெப்பக்காடு தாண்டி மசினகுடி, சீகூர் வந்தால் முள்காடு. ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம், இவ்வளவு கிட்டத்தில் இவ்வளவு மாற்றம் வேறு இடத்தில் எளிதில் கிடைக்காது. கிழக்குப் பக்கம்தான் கழுதைப்புலி, மோயாற்றுப் பள்ளத்தாக்கில் வெளிமான், அப்புறம் பாறுக் கழுகு.

தென்னிந்தியாவில் பாறுகள் இன்னும் கூடுகட்டுகிற முக்கியமான இடம் இந்தச் சீகூர், மோயாறு பகுதி. ஓடையோரத்து நீர்மருது மரங்களில் கூடு வைக்கும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி ஊசியால், அந்த மாட்டைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் கெட்டு, 1990களிலிருந்து நாடு முழுவதும் கொத்துக் கொத்தாகச் செத்தன. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். 2023இல் அதே மாதிரி வலிநிவாரணிகளான கீட்டோபுரோஃபெனும் அசிகுளோஃபெனாக்கும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. ஓர் இணை ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். கூடு வைக்கும் பருவம் குளிர்காலம், அதாவது நீங்கள் போகிற நேரம். அதனால் டிரைவர் 'கூட்டுக்குக் கீழே கூட்டிப் போகிறேன்' என்றால் மறுத்துவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு ரோட்டோரமாக நின்று மேலே பார்த்தாலே போதும், பதினோரு மணி வாக்கில் சூடான காற்றில் வட்டமடித்து ஏறும். உங்கள் பையன்களுக்கு ஒரு தொலைநோக்கி வாங்கிக் கொடுங்கள்.

மூத்தவன் கேட்பான் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். பாதையோரம் எங்கு பார்த்தாலும் ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாகப் பூத்த புதர் இருக்கும். அது உண்ணிச்செடி, அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்தது. யானையோ மானோ தின்ன முடியாத அது புல்லை மூடிவிட்டது. பத்தடி தள்ளி யானை நின்றாலும் தெரியாமல் போவதற்கு அந்தப் புதர்தான் காரணம்.


கொடைவாசி (கொடைக்கானல்)

மதுரையிலிருந்து வருகிறவர்கள் முதுமலை வரை ஏன் போக வேண்டும்? எங்கள் பழனி மலையில் பேரிஜம் இருக்கிறதே. வனத்துறையிடம் அனுமதி வாங்கி சொந்தக் காரிலேயே போகலாம், ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு வைத்துத்தான் விடுவார்கள். மோயர் முனைச் சாவடி தாண்டினால் தொப்பித் தூக்கிப் பாறை, மதிகெட்டான் சோலை, பிறகு ஏரி. மூணாறுக்குப் போன பழைய ரோடு இது. 1990இல் மூடியதோடு அந்தப் பக்கம் காடு திரும்பிக்கொண்டது. 2013இல் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் ஆனது, 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். காட்டெருமை இங்கே ஊருக்குள்ளேயே நடமாடும்.

ஜீப் சவாரி என்று மன்னவனூர், பூம்பாறை பக்கம் கூட்டிப் போகிறார்கள். காய்கறி ஏற்றிப் பழகிய வண்டிகள், டிரைவர்கள் கெட்டிக்காரர்கள். தோட்டப் பாதையில் போகும் வரை சரிதான். 'யாரும் போகாத அருவி' என்று சோலைக்குள் விட ஆரம்பித்தால் அங்கேயும் இதே கதைதான்.


மாயாற்றங்கரை (மசினகுடி)

பேரிஜம் அருமையான இடம், நான் மறுக்கவில்லை. ஆனால் யானை வந்துவிட்டது என்றால் அந்த ரோட்டை மூடிவிடுவார்கள். அக்காவின் அப்பாவுக்கு யானைதான் பார்க்க வேண்டும். அதனால் முதுமலையே சரி.


வைகைக்கரை (மதுரை)

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் வரும் என்று நினைக்கவில்லை. அப்பாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கடமான் விஷயத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

ரிசார்ட்டில் திரும்பவும் கேட்டேன். 'நாங்கள் போவது எங்கள் பட்டா நிலத்தில்தான், வனத்துறைக்கு அதில் வேலை இல்லை, அங்கே ஆஃப்ரோடும் செய்யலாம்' என்கிறார்கள். அது உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?


கொடிவழி (கூடலூர்)

பட்டா நிலம் சில ஏக்கர் இருக்கலாம். இரண்டு மணி நேரம் ஓட்டுகிற அளவுக்கு யாரிடமும் பட்டா இல்லை. அவ்வளவு யோசித்தாலே போதும்.

பாதையை விட்டு வண்டி இறங்குவதை ஏன் இவ்வளவு பெரிய குற்றமாகப் பார்க்கிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கிற மண் பாதைகள் சுற்றுலாவுக்காகப் போட்டவை இல்லை. ரோந்துக்கும், கோடையில் தீ பரவாமல் தடுப்பதற்கும் வெட்டி வைத்தவை. அதில் போகிற வரை புதிதாக ஒன்றும் கெடாது. ஒரு ஜீப் புல்லுக்குள் இறங்கினால் சக்கரத் தடத்தில் மண் இறுகும், அடுத்த மழையில் தண்ணீர் அந்தத் தடத்திலேயே ஓடும், இரண்டு மழைக்காலத்தில் அது ஓடையாக அரித்துவிடும். டயர் பட்டையில் ஒட்டிய மண்ணோடு பார்த்தீனிய விதையும் உள்ளே போகும். வனத்துறை ஆட்கள் வருடக்கணக்காக வேரோடு பிடுங்கிக்கொண்டிருக்கிற செடி அது.


லென்ஸ் கண் (சென்னை)

இரவுச் சவாரி பற்றி மாயாற்றங்கரை சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. விடிகாலையில் அந்த ரோட்டில் யார் நடப்பார்கள் என்று நான் யோசித்ததில்லை. இனிப் போக மாட்டேன்.

ஆனால் பகல் சவாரி விஷயத்தில் நான் சொன்னதில் மாற்றமில்லை. வனத்துறை பெரிய வேனைக் குறைத்துச் சின்ன வண்டிகளைக் கூட்ட வேண்டும். ஆறு பேர், ஒரு டிரைவர், ஒரு காவலர் என்று போனால் சத்தமும் குறையும், காவலர் சொல்வதும் காதில் விழும். மக்களுக்கு நல்லபடியாகப் பார்க்கக் கிடைக்காததால்தான் கள்ளத்தனமாகப் போகிறவனிடம் காசு கொடுக்கிறார்கள்.


பட்டறை மணம் (கோயம்புத்தூர்)

எல்லா வேனையும் ஜீப்பாக மாற்றினால் வண்டி எண்ணிக்கை நாலு மடங்காகும் தம்பி. 2012 விதிப்படி மையப் பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலாவுக்கு விட முடியாது. அந்தச் சின்ன இடத்தில் நாலு மடங்கு வண்டி என்றால் புழுதியும் புகையும்தான் மிஞ்சும். இருபது பேர் ஒரே வேனில் அமைதியாகப் போவது காட்டுக்கு நல்லது. அமைதியாக இருக்கத் தெரியாதது வேனின் குற்றம் ஆகாது.


மாயாற்றங்கரை (மசினகுடி)

இந்த இடத்தில் நான் லென்ஸ் கண் பக்கம் கொஞ்சம் நிற்கிறேன்.

எங்கள் ஊரில் ஜீப்பை நம்பி எத்தனையோ குடும்பம் இருக்கிறது. ரிசார்ட் மூடியபோது முதலில் வேலை போனது சமையல்காரருக்கும் ரூம் பையனுக்கும் டிரைவருக்கும். விவசாயம் செய்யலாம் என்றால் விதைத்ததை மானும் பன்றியும் யானையும் விடுவதில்லை. இந்த நிலைமையில் 'தனியார் ஜீப் எல்லாம் திருட்டு ஜீப்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், ஒழுங்காக ஓட்டுகிறவனுக்கும் ஒழுங்காக இருப்பதில் ஒரு லாபமும் இல்லாமல் போகும்.

மகாராஷ்டிரத்தில் தடோபாவில், மத்தியப் பிரதேசத்தில் கான்ஹாவில் வேறு மாதிரி செய்கிறார்கள். சுற்றியுள்ள ஊர்க்காரர்களின் ஜிப்சியை வனத்துறையே பதிவு செய்துகொள்ளும். முறை வைத்து வரிசையாக வண்டி போகும். அதனால் யாரும் யாரையும் முந்திக்கொண்டு ஆள் பிடிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வண்டியிலும் உள்ளூர் வழிகாட்டி கட்டாயம். ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வாசலிலேயே எண்ணி விடுவார்கள். தவறு செய்த வண்டியை வரிசையிலிருந்து நிறுத்திவைப்பார்கள். அங்கேயும் குறைகள் இருக்கும். ஆனால் டிரைவருக்கு இழப்பதற்கு ஒன்று இருக்கிறது.

இங்கேயும் அப்படி மசினகுடி ஜீப்புகளைப் பதிவு செய்து, பட்டறை அண்ணன் சொன்னபடி மொத்த எண்ணிக்கையைக் கூட்டாமல், வேனில் ஒரு பகுதியைக் குறைத்து அந்த இடத்தில் எங்களை விடலாம். பக்கத்தில் ஒரு குறும்பரோ இருளரோ பயிற்சி பெற்று, சரியான சம்பளத்தோடு உட்காரட்டும். புலியைக் காட்டினால் டிப்ஸ் என்ற பழக்கம் இருக்கிற வரை எந்த டிரைவரும் 20 மீட்டரில் நிற்க மாட்டான். சம்பளம் நிலையாக இருந்தால் நிற்பான். இதை எழுதிக் கொடுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.


கொடிவழி (கூடலூர்)

வழிகாட்டி சம்பளத்தைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி அண்ணா. தற்காலிக வேலையிலேயே காலம் தள்ளுகிற காவலர்கள் எத்தனை பேர் என்று எங்கள் தெருவில் கேட்டால் தெரியும். கோடையில் தீ அணைக்கிறவர்களும் அவர்கள்தான், ஊருக்குள் வந்த யானையை விரட்டுகிறவர்களும் அவர்கள்தான், மாலையில் சுற்றுலா வண்டியில் ஏறுகிறவர்களும் அவர்கள்தான்.


வெண்முதுகுப் பாறு (ஈரோடு)

பதிவு முறைக்கு நானும் சம்மதம், ஒரு நிபந்தனையோடு. சீகூர் ஓடைப் பக்கம் பாறு கூடுகள் இருக்கிற இடங்களைச் சவாரிப் பாதையில் சேர்க்கவே கூடாது. எவ்வளவு பயிற்சி பெற்ற வழிகாட்டி வந்தாலும் சரி.


வைகைக்கரை (மதுரை)

இரண்டு முடிவு எடுத்துவிட்டோம். இரவுச் சவாரி இல்லை, ரிசார்ட் சவாரியும் இல்லை. தெப்பக்காட்டில் வனத்துறை ஜிப்சி கிடைத்தால் அதில், கிடைக்காவிட்டால் வேனில். மறுநாள் காலை ஊர் ஜீப் ஒன்றில் மோயாறு ரோடு மட்டும்.

கடைசியாக வழி பற்றி: ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கினால் கிட்டம் என்று வரைபடம் காட்டுகிறது. எங்கள் காரில் அதில் போகலாமா?


மாயாற்றங்கரை (மசினகுடி)

கூடாது அக்கா. கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு, இறக்கம் மிகச் செங்குத்து. விபத்துகள் அதிகம் என்பதால் வெளியூர் வண்டிகளை அந்த வழியாக இறங்க விடுவதில்லை, சாவடியிலேயே திருப்பிவிடுவார்கள். கூடலூர் சுற்றித் தெப்பக்காடு வாருங்கள். தூரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், ஆனால் நிம்மதியாக வரலாம். காட்டு ரோட்டில் காரை நிறுத்தி இறங்க வேண்டாம், குரங்குக்கு எதுவும் கொடுக்க வேண்டாம், அதற்கு அபராதமும் உண்டு.

நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயம். வார நாளில் 6000 வண்டி, வார இறுதியில் 8000 வண்டி என்று உயர் நீதிமன்றம் அளவு வைத்திருக்கிறது. தேதி முடிவானதும் எடுத்துவிடுங்கள். தண்ணீருக்கு வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள், பிளாஸ்டிக் பாட்டிலைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

சவாரிக்கு இணையத்திலேயே பதிவு செய்யலாம். அடையாள அட்டையின் அசலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காலைச் சவாரிதான் அப்பாவுக்கு நல்லது, ஆனால் ஜனவரிக் காலையில் திறந்த வண்டியில் குளிர் காதைப் பிடுங்கும், குல்லாவும் கம்பளியும் வேண்டும். பளிச்சென்ற நிறம் வேண்டாம். பட்டறை அண்ணன் சொன்ன நடுவரிசைச் சீட்டை ஏறுவதற்கு முன்னாலேயே டிரைவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

யானை சவாரியில் கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம். தெப்பக்காடு முகாமில் வளர்ப்பு யானைகளுக்குக் கேழ்வரகு, கொள்ளு உருண்டை கொடுப்பதைப் பார்க்க மாலையில் அனுமதி உண்டு. அது காட்டு யானை இல்லை, அப்பாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். காட்டு யானைக்கு மறுநாள் மோயாறு ரோட்டில் வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். ரோட்டில் யானை நின்றால் டிரைவர் திருப்பிவிடுவான், அவனை வற்புறுத்த வேண்டாம்.


வைகைக்கரை (மதுரை)

இ-பாஸ் எடுத்தாகிவிட்டது. காலைச் சவாரிக்கு ஆறு பேருக்கும் பதிவு செய்துவிட்டேன், ஜிப்சி கிடைத்தது. பெரியவனுக்குத் தொலைநோக்கி தேடிக்கொண்டிருக்கிறோம். எட்டு மடங்கா, பத்து மடங்கா, எது வாங்கலாம்?


வெண்முதுகுப் பாறு (ஈரோடு)

எட்டு மடங்கு, 42 மில்லிமீட்டர் முகப்பு லென்ஸ். பத்து மடங்கு என்றால் ஆடுகிற வண்டியில் பையனின் கையில் நிற்காது.